நாலு மணி நேரம்தானே

பெரியப்பா தவறியது ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை நாலரை மணிக்கு. பவானியில், அவர் பிறந்து வளர்ந்த அதே வீட்டில். ஏழு மணிக்கெல்லாம் வாசலில் சாமியானா போட்டு, நாற்காலி இறக்கி, திண்ணையில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடெல்லாம் வாங்கியிருக்கிறோம். ஊருக்குள் அது கல்யாணத்துக்கும் எழவுக்கும் விரிக்கிற துணி, அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தவர்கள் முதலில் கேட்டது, "எப்படிங்க ஆச்சு?" அடுத்துக் கேட்டது, "பையன் எப்ப வர்றான்?"

பையன் என்றால் எனக்கு அண்ணன். பெரியப்பாவுக்கு ஒரே மகன். பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. போனை எடுத்துத் தேடினேன். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாலு மணி, சில நாள் கால் மணி கூடக் குறைய. "நாலு மணி நேரம்தானுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துருவாரு" என்று சொல்ல ஆரம்பித்தேன். பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அவர் வந்து இறங்கியது மறுநாள் காலை எட்டரைக்கு. இருபத்தெட்டு மணி நேரம். நடுவில், செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணி வாக்கில், பங்காளிகள் முகம் சுளிக்க ஆரம்பித்த நேரத்தில், நான் அவரைக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னேன். "நாலு மணி நேரம்தானே அண்ணா, காலைலயே கெளம்பியிருக்கலாமில்ல?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆமா தம்பி" என்றார்.

அந்த வாக்கியம் சரியா தப்பா என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்த நேரத்தில் எனக்கு அது ரொம்ப நியாயமான வாக்கியமாகத்தான் பட்டது.

*

முதலில் அந்த நாலு மணி நேரத்தைப் பார்க்கலாம்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் காலை பத்துக்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது மாலை நாலரை. கடிகாரக் கணக்கில் ஆறரை மணி நேரம். அங்கே காலை பத்துக்குக் கிளம்பினால் இங்கே இறங்குவது பதினொன்றரை. கடிகாரக் கணக்கில் ஒன்றரை மணி நேரம்தான். போவது தூரம், வருவது கிட்டம். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் என்று முடிவெடுத்தபோது கூடவே மாறிக்கொண்டது. அதற்கு முந்தின நாள் வரை நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான். எந்த விமானமும் வேகம் கூட்டாமலே, ஒரே ராத்திரியில் வருகிற வழி கடிகாரத்தில் அரை மணி குறைந்துபோனது.

இது வேடிக்கைக் கணக்கு. அண்ணனின் கணக்கு வேறு. நம் நாலரை மணி அவருக்குக் காலை ஏழு. செய்தி உடனே போய்விட்டது. கோவைக்கே நேரடி விமானம் உண்டு, அன்றைக்கு அதில் இடம் இல்லை. திருச்சிக்கும் இல்லை. சென்னைக்கு ராத்திரிதான் கிடைத்தது, அதுவும் ஒரே ஒரு சீட்டு. அண்ணியும் பிள்ளைகளும் பின்னால் வர வேண்டும். வேலையிடத்தில் சொல்ல வேண்டும். விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போக வேண்டும். இறங்கியபின் குடிநுழைவு வரிசை, பெட்டி, வாடகைக் கார். சென்னையிலிருந்து பவானிக்குத் தரைவழி கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். 2,900 கிலோமீட்டர் கடலைத் தாண்ட நாலு மணி, 400 கிலோமீட்டர் நிலத்தைத் தாண்ட ஏழு மணி.

நாலு மணி நேரம் என்பது விமானம் பறக்கிற நேரம். மனிதன் வந்து சேர்கிற நேரம் அது இல்லை. இது எனக்கும் தெரியும், திண்ணையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டோம். ஒரு ஆளைக் குற்றம் சொல்ல வேண்டியிருக்கும்போது இருக்கிற எண்களில் சின்ன எண்தான் கைக்கு வருகிறது.

*

அன்றைக்கு வந்திருந்தவர்களில் எண்பது வயசு தாண்டிய பங்காளி ஒருத்தர் இருந்தார். "அந்தக் காலத்துல மலேயாவுல இருந்து எவன் வருவான்? காயிதம் வரும், அப்பத்தான் அங்க அழுவாங்க" என்றார். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது மனசில் தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் வராமல் போனவர்களை ஊர் எப்படிப் பார்த்தது? எனக்குத் தெரிந்து யாரும் அவர்களைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. பாவம் என்றுதான் சொன்னார்கள்.

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போன கப்பல்களில் பேர் பெற்றது ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது. 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள் ஆயிரக்கணக்கில். வழியில் நின்று நின்று போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதற்குப் பின் இந்தியக் கப்பல் கழகத்தின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்த வழியில் பயணிகள் கப்பல் முடிவுக்கு வந்தது.

கப்பலைவிட வேகமாக ஒன்று எப்போதோ வந்துவிட்டது. 1870, 71 வாக்கில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அதற்கு முன்னால் செய்தியும் ஆளும் ஒரே கப்பலில்தான் போக முடியும். அப்பன் செத்த செய்தி மகனுக்குக் கிடைக்கும்போது கருமாதியே முடிந்திருக்கும். கிளம்பலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. தந்தி வந்தபின் செய்தி அன்றைக்கே போய்விடும், ஆள் வர ஒரு வாரம். அந்தக் காலத்து மகன் ஒரு புதுத் துயரத்தைப் பட்டான். தெரியும், ஆனால் போக முடியாது. அங்கே எடுக்கிற நேரம் இதுவாக இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்திலோ துறைமுகத்திலோ நின்றிருப்பான். அவனிடம் துக்கம் இருந்தது, குற்றவுணர்வு இருந்திருக்க அவசியமில்லை.

இப்போது செய்தி ஒரு நொடியில் போகிறது. வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவின் போட்டோ வந்து, அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தபோது விடியவே இல்லை. ஆள் வர நாலு மணி நேரம் என்று ஊர் நம்புகிறது. செய்தி போய்ச் சேர்வதற்கும் ஆள் வந்து சேர்வதற்கும் நடுவில் உள்ள இடைவெளி, ஒரு வாரத்திலிருந்து நாலு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. முன்பு அந்த இடைவெளியைக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது அதில் போகிற ஒவ்வொரு மணிக்கும் அந்த மனிதன் கணக்குச் சொல்ல வேண்டும்.

*

இதில் விமானத்துக்குச் சமமான பங்கு இன்னொரு பொருளுக்கு உண்டு. ஃப்ரீசர் பாக்ஸ். ஐஸ் பெட்டி என்போம்.

முன்பு உடம்பு காத்திருக்காது. காலையில் போனால் சாயங்காலத்துக்குள் எடுத்தாக வேண்டும். வெளியூரில் இருக்கிற மகன் வந்து சேர்ந்தால் சரி. இல்லாவிட்டால் பங்காளி ஒருத்தன் கொள்ளி வைப்பான். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, இயற்கை வைத்த கெடு அது. இப்போது ஒரு போன் போட்டால் வண்டியில் கண்ணாடிப் பெட்டி வந்து இறங்குகிறது. கரண்ட் இருக்கிற வரை உடம்பு காத்திருக்கும். அதனால் "எப்ப எடுக்கறீங்க?" என்ற பழைய கேள்வி "அவன் எப்ப வர்றான்?" என்று மாறிவிட்டது. கெடு வைப்பது இப்போது உடம்பு இல்லை, மகன். அந்தப் பெட்டிக்குள் அப்பன் கிடப்பது ஒவ்வொரு மணி நேரமும் மகன் பேரில் எழுதப்படுகிறது.

ஒழுக்கவியலில் காண்ட்டின் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் கொள்கை ஒன்று உண்டு. ஒருவர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று சொல்வதானால், அதைச் செய்ய அவரால் முடிய வேண்டும். முடியாததைச் செய்யவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. சின்ன வயசில் இதைப் படித்தபோது இது மனிதனுக்கு விடுதலை தருகிற கொள்கை என்று நினைத்தேன். ஐஸ் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. முடியாததற்குக் கடமை இல்லை என்றால், முடிகிறவை பெருகப் பெருகக் கடமையும் பெருகும். ஒவ்வொரு புது விமானப் பாதையும், ஒவ்வொரு புது வசதியும், நேற்று வரை துரதிர்ஷ்டமாக இருந்த ஒன்றை இன்று தவறாக மாற்றிவிடுகிறது. ரஜூலா காலத்து மகனைவிட அண்ணன் அப்பாவை அதிகமாகவோ குறைவாகவோ நேசித்தவர் இல்லை. அவருக்குக் கிடைத்த வசதி அவருடைய சாக்குகளைப் பிடுங்கிக்கொண்டது.

*

தூரத்துக்கும் அறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மேற்கில் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆடம் ஸ்மித் ஒரு கற்பனையைச் சொன்னார். சீனா முழுக்க ஒரு பூகம்பத்தில் அழிந்துபோனது என்று ஐரோப்பாவில் ஒரு நல்ல மனிதர் கேள்விப்படுகிறார். வருத்தப்படுவார், வாழ்க்கை நிலையாமை பற்றிக் கொஞ்சம் யோசிப்பார், அப்புறம் நிம்மதியாகத் தூங்குவார். நாளைக்குத் தன் சுண்டு விரல் போகப்போகிறது என்றால் அவருக்குத் தூக்கம் வராது. அதற்காக அந்த விரலைக் காப்பாற்ற அத்தனை பேரைச் சாகக் கொடுப்பாரா என்றால், மாட்டார் என்றும் ஸ்மித் சேர்த்துச் சொன்னார். உணர்ச்சி தூரத்துக்கு ஏற்பக் குறையும், நியாயம் குறையக் கூடாது.

1972இல் பீட்டர் சிங்கர் இன்னும் ஒரு படி போனார். கிழக்கு வங்கத்தில் லட்சக்கணக்கானோர் அகதிகளாகிப் பட்டினியில் இருந்த நேரத்தில் எழுதிய கட்டுரை அது. குளத்தில் மூழ்குகிற குழந்தை கண்ணெதிரே இருந்தாலும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளிச் சாகிற ஒருவர் ஆனாலும், உதவ முடிகிறவரின் கடமை ஒன்றுதான் என்றார். ஒருவேளை முன்பு தூரம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உடனடித் தகவலும் வேகமான போக்குவரத்தும் வந்தபின் அதையும் சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி.

அறிமுகமே இல்லாதவர்களிடம் நமக்குள்ள கடமையை இந்த வாதம் பெரிதாக்குகிறது. நல்லதுதான். ஆனால் எங்கள் திண்ணையில் நடந்தது இதன் தலைகீழ். ஸ்மித்தின் மனிதருக்குத் தூரத்தில் இருப்பவரை நினைத்துத் தூக்கம் வருகிறது. அண்ணனுக்கு வரவில்லை. உணர்ச்சி கொஞ்சமும் குறையவில்லை. சிங்கர் கேட்பது போலத் தூரத்தை ஒரு சாக்காகவும் அவர் சொல்லவில்லை. "ஆமா தம்பி" என்று ஒத்துக்கொண்டார். இரண்டு தத்துவவாதிகளின் கேள்வியிலும் அவர் தேறிவிட்டார். நாங்கள்தான் அவரைத் தேற விடவில்லை. காரணம், "முடியும்" என்ற சொல்லை விமானத்தின் வேகத்தை வைத்து அளந்தோம்.

*

அந்த "முடியும்" எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதும் இல்லை. அண்ணனுக்காவது கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலை, கடன் அட்டை, லீவு கேட்டால் கொடுக்கிற மேலாளர். அதே விமானத்தில் அவர் பக்கத்து இருக்கையில் வந்தவர் கட்டட வேலைக்குப் போனவராக இருந்திருக்கலாம். டெல்டா பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ ஊர். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டியோடு ஊரில் நிற்கும். இடையில் ஒரு தடவை வந்துபோனால் டிக்கெட் காசும் வேலைக்குப் போகாத நாள் கூலியும் அந்தக் கடனில் இன்னும் சில மாதங்களைச் சேர்க்கும். திரும்பப் போனால் வேலை இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. வரைபடத்தில் இரண்டு பேருக்கும் 2,900 கிலோமீட்டர்தான். விமானத்தில் நாலு மணி நேரம்தான். ஆனால் அவருக்கு ஊர் இரண்டு வருஷத் தூரத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிகிற நாள்தான் அவருடைய உண்மையான தூரம். அவருடைய அப்பாவின் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களும் "நாலு மணி நேரம்தானே" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தூரம் திடீரென்று முடிவில்லாததாக ஆனதும் உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மூன்றரை வருஷம் சென்னைக்கும் அங்கேயும் நடுவே கப்பல் போக்குவரத்து இல்லை. மகன் மலேயாவில் உயிரோடு இருக்கிறானா, சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்களா என்று தெரியாமலே இங்கே வீடுகள் இருந்தன. நாமும் ஒன்றைப் பார்த்துவிட்டோம். 2020 மார்ச் கடைசியில் இந்தியா வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தியது. இரண்டு வருஷம் கழித்து, 2022 மார்ச் 27 அன்றுதான் அவை பழையபடி ஓட ஆரம்பித்தன. நடுவில் சிறப்பு விமானங்கள் இருந்தன, அனுமதி வேண்டும், தனிமைப்படுத்தல் வேண்டும். 2020 ஏப்ரலில் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகள் பூட்டப்பட்டன. உள்ளே இருந்தவர்களால் தெருவுக்கே வர முடியாது. அப்போது யாரும் "நாலு மணி நேரம்தானே" என்று சொல்லவில்லை. வராதவர்களை ஊர் மறுபடியும் பாவம் என்றது. ஆக, ஊருக்கு அந்தப் பழைய பாஷை மறந்துபோகவில்லை. விமானம் ஓடாவிட்டால்தான் அது வாயில் வருகிறது.

அந்த நாட்களில் சாவுகளைப் போனில் பார்த்தார்கள். யாரோ ஒரு சின்னப் பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கம் ஒரு முகம் அழும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்தும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ, பவானி வேதநாயகி அம்மன் மேல் பக்தி கொண்டவர். வேற்று மதத்தவர் என்பதால் உள்ளே போகக் கூடாது. அதனால் சுவரில் மூன்று துளை போட்டு, வெளியே நின்று அம்மனைப் பார்த்தார் என்பார்கள். ஒரு மழை ராத்திரியில் அம்மன் சின்னப் பெண்ணாக வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிப் போனாள், அப்புறம் பங்களா இடிந்து விழுந்தது என்பது கதை. அவர் கொடுத்த தந்தக் கட்டில், அவர் கையெழுத்தோடு, கோவிலில் இருக்கிறது. துளைகளையும் காட்டுவார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம், துளை வழியாகப் பார்த்தவரை அம்மன் அரைகுறைப் பக்தன் என்று எண்ணவில்லை என்பது. உள்ளே போக முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவர் தினமும் வந்து நின்றாரா என்பதைத்தான் பார்த்தாள்.

*

இப்படியெல்லாம் யோசித்தால் அண்ணன் மேல் தப்பே இல்லை என்று முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிப்பதும் நேர்மையில்லை. தூரம் குறைந்தது நிஜம். நிஜமாகவே வரக்கூடிய ஒருவர் வராமல் இருந்துவிட்டு, "நான் என்ன பண்ண, சிங்கப்பூர்ல இருக்கேன்" என்று சொன்னால் அது பொய். ரஜூலா காலத்து நியாயத்தை விமானக் காலத்தில் வாடகைக்கு எடுக்க முடியாது. கிட்டம் என்பது ஒரு பொறுப்பைக் கொடுக்கத்தான் செய்கிறது. அந்தப் பொறுப்பு எந்த நாளில் ஆரம்பிக்கிறது என்பதில்தான் நாங்கள் தப்பு செய்தோம்.

இது எனக்குப் புரிந்தது வியாழக்கிழமை காலையில், கூடுதுறையில். காவிரியும் பவானியும் சேருகிற இடம். மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் வந்து சேருவதாகச் சொல்வார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று சுற்று வட்டாரமே அஸ்தி கரைக்க இங்கேதான் வரும். ஆடி மாசத்தில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்களைப் போல ஏழெட்டுக் குடும்பம் படியில் நின்றது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு ஆள் கையில் பெட்டியின் விமான நிலையச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிற பையோடு, தூக்கமில்லாத முகத்தோடு இருந்தார். பார்த்தாலே தெரியும், இவர்தான் வெளியூர்.

காரியம் முடிந்து ஈரத் துண்டோடு படியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் போனில் ஏதோ படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார். ஜூன் மாசம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போயிருந்தார். அப்போது எடுத்தவை. பெரியப்பா இதே படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேரன் கையைப் பிடித்து நிற்கிறார். இன்னொன்றில் திண்ணையில் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். "இந்த ரேடியோ ரிப்பேர்னு உனக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ரெண்டு மாசமா வாராவாரம் போன்ல அதைப் பத்தித்தான் பேசுவாரு. ஒரு ஸ்க்ரூ தொலைஞ்சு போச்சு, கிடைச்சுருச்சு, மறுபடியும் தொலைஞ்சு போச்சு." சிரித்தார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு யாரையும் குத்திக்காட்டத் தெரியாது.

நான் கோவையில் இருக்கிறேன். கோவையிலிருந்து பவானி 100 கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரம். டிக்கெட் எடுக்க முன்பதிவு வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம், கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டாம். நான் கடைசியாகப் பெரியப்பாவைப் பார்த்தது தைப் பொங்கலுக்கு. ஆறு மாசம். செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து இறங்கி, சாமியானாக்காரரோடு பேசி, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். "தம்பி இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பேரை நான் வாங்கிக்கொண்டேன். யாரும் என்னிடம் "ரெண்டு மணி நேரம்தானே" என்று கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருக்கிறேன் என்பதாலேயே, போனதாக எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது, போய்க்கொண்டிருப்பதைப் போலவே மனசுக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

தூரத்தில் இருப்பவருக்கு அந்த மயக்கம் கிடைப்பதில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணியாக வேண்டும், லீவைச் சேர்த்து வைத்தாக வேண்டும், டிக்கெட்டை மூன்று மாசம் முன்னால் போட்டாக வேண்டும். அவருடைய கிட்டம் அவரே செய்துகொண்டது. என்னுடையது சும்மா கிடைத்தது, அதனால் செலவழிக்கவே இல்லை.

விமான நேரம் என்பது அவசரத்துக்கான அளவு. ஒருவர் அதிகபட்ச வேகத்தில் எவ்வளவு சீக்கிரம் வர முடியும் என்று மட்டும் அது சொல்லும். உறவில் உள்ள தூரத்தை அதை வைத்து அளக்க முடியாது. சும்மா இருக்கிற நாட்களில் எத்தனை தடவை வருகிறோம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுதான் அதற்கு அளவு. சாவன்று கணக்குப் பார்க்கிறோம், ஏனென்றால் அன்றைக்குத்தான் எல்லாரும் கூடியிருக்கிறோம், யார் வந்தார் யார் வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அன்றைக்கு வருவது பெரியப்பாவுக்காக இல்லை. அவருக்கு வர வேண்டியது ஜூன் மாசத்து ஒரு வாரமும், தொலைந்துபோன ஸ்க்ரூவைப் பற்றிய இருபது நிமிஷப் பேச்சும்தான். அதை அண்ணன் கொடுத்திருந்தார். வேகமான விமானமும் மலிவான போனும் நமக்கு ஒரு கடமையைக் கூட்டியிருக்கின்றன என்றால், அது சாவுக்கு ஓடிவருகிற கடமை இல்லை. அதற்கு முன்னால் உள்ள நாட்களில் இருக்கிற கடமை. விமானம் ஓடாதபோதும், லீவு கிடைக்காதபோதும், விடுதிக் கதவு பூட்டியிருக்கும்போதும், அதில் ஒரு பகுதியையாவது செய்ய முடியும்.

"அன்னிக்கு நான் போன்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணா" என்றேன்.

"எதை?" என்றார். நிஜமாகவே ஞாபகம் இல்லையா, இல்லை அப்படிக் காட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. திரும்பவும் சொல்லிக்காட்ட எனக்குத் தைரியம் இல்லை. "ஒண்ணுமில்லை" என்றேன்.

அடுத்த வாரம் அவர் கிளம்பிப் போனார். பெரியம்மா இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ரேடியோ இன்னும் பிரித்த நிலையிலேயே ஒரு தட்டில் இருக்கிறது. கோவையிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிற இன்றைக்கு, நான் அங்கே போய் மூணு வாரம் ஆகிறது.